சிறு தீ

"அந்தக் கதவைத் திறக்காதீங்கம்மா. ஒரு தடவை திறந்தா, ஏறின சூடெல்லாம் இறங்கிப் போயிடும்."

கைப்பிடியில் வைத்த கையை முதலாளியம்மா எடுத்துக்கொண்டாள். கடை அவளுடையது. கடைக்குப் பின்னால் பீரோ மாதிரி ஆளுயரத்துக்கு நிற்கிற, கறியைப் புகையிலேயே வேகவைக்கும் கேஸ் ஸ்மோக்கரும் அவளுடையதுதான். ஆனால் நேற்றிலிருந்து அதைத் தொடுவதற்கே சமையல் மாஸ்டரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

"உள்ளே கறி எப்படி இருக்குன்னு பார்க்க வேண்டாமா?"

"அதுக்குத்தான் இது." மாஸ்டர் கையிலிருந்த சின்ன தெர்மாமீட்டரைக் காட்டினார். அதன் ஒயர் மேல் துவாரம் வழியாக உள்ளே போய் இறைச்சியின் நடுவில் குத்தி நின்றது. "கதவுல இருக்கிற மீட்டர் முள்ளு பொய் சொல்லும்மா. அதை நம்பினா கறி காஞ்சு போயிடும்."

போன வாரம் மாப்பிள்ளையின் அண்ணன் என்று ஒருவர் வந்து இன்றைய கல்யாண விருந்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். பெண் யார், என்ன படிப்பு, எங்கே வேலை என்று மாஸ்டர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். கறிக்கும் பெண்ணின் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று முதலாளியம்மாவுக்கு அப்போதே தோன்றியது.

நேற்று ஸ்மோக்கரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டுவிட்டார். பர்னர் துளைகளை மெல்லிய கம்பியால் குத்தி அடைப்பெடுத்தார். குழாய்க்குள் சிலந்தி கட்டியிருந்த கூட்டை வழித்தெடுத்தார். கொழுப்பு வடியும் தட்டைப் பளபளவென்று தேய்த்தார். கதவு ரப்பரை மாற்றினார். கேஸ் டியூபில் சோப்பு நுரையைத் தடவி, எங்காவது குமிழி கிளம்புகிறதா என்று, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற முகத்தோடு குனிந்து பார்த்தார்.

"எவ்வளவோ பெரிய ஆளுங்க விருந்துக்கெல்லாம் பண்ணியிருக்கோம். அப்பல்லாம் இந்த மெனக்கெடல் இல்லையே, மாஸ்டர்?"

"அப்பல்லாம் இந்தக் காத்து இல்லம்மா." பர்னர் பக்கம் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தார். "தீ ஆடினா சூடும் ஆடும். அதைக் கூட்டி, இதைக் குறைச்சுன்னு திருகிக்கிட்டே இருந்தா கறி விறைச்சுப் போகும். சின்னத் தீயா வெச்சு, தண்ணித் தட்டு வத்தாம பார்த்துக்கிட்டா போதும். கறி தானா வழிக்கு வந்துடும்."

மேல் துவாரத்திலிருந்து புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் போய்க்கொண்டிருந்தது.

"புகை வெள்ளையா, கெட்டியா வந்தா கறி கசக்கும்" என்று அவராகவே சொன்னார்.

"காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூட குடிக்கல நீங்க. போய் ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்."

"பசிக்கலம்மா."

"சரி, கிளம்பும்போது நல்ல சட்டையா போட்டுக்கங்க. மேடைக்குப் பக்கத்துல நின்னு நீங்களே நறுக்கிப் போடணும்னு கேட்டிருக்காங்க."

கேஸ் திருகின் மேல் இருந்த மாஸ்டரின் கை அப்படியே நின்றது.

"நான் போகலம்மா. வேன் டிரைவரே போகட்டும். எப்படி நறுக்கணும்னு சொல்லிக் குடுத்துடறேன்."

"ஏன், உங்களுக்கு என்ன?"

"சூடு ஆறறதுக்குள்ள இதைக் கழுவணும். கொழுப்பு இறுகிட்டா சுரண்ட முடியாது."

"நாளைக்குக் கழுவினா குடியா முழுகிப் போகும்?"

அவர் தகரத்தை இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். இவருக்கு வீம்பு வந்துவிட்டால் யார் சொன்னாலும் கேட்க மாட்டார் என்று அவளும் விட்டுவிட்டாள்.

வேன் கிளம்பியபோது மாஸ்டர் பின்னாலேயே ஓடினார். "நாருக்குக் குறுக்கே நறுக்குப்பா. மேடைக்கு முதல்ல குடு. ஆறிடக் கூடாது." தெருமுனையில் வேன் மறைந்த பிறகும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

வேன் நினைத்ததைவிடச் சீக்கிரமே திரும்பி வந்தது. டிரைவர் பின்கதவைத் திறந்தான். போன தட்டுகளில் ஒன்றைத் தவிர மற்றவை மூடிய மூடியோடு அப்படியே இருந்தன.

"எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்கம்மா. மத்த ஐட்டத்தை வெச்சு சமாளிச்சுக்கறாங்களாம்."

முதலாளியம்மா விறுவிறுவென்று கடைக்குப் பின்னால் போனாள். டிரைவரும் பின்னாலேயே போனான். மாஸ்டர் ஸ்மோக்கருக்கு முன்னால் மண்டியிட்டுத் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா மாஸ்டர்? நீங்க போயிருந்தா இப்படி ஆகியிருக்குமா? கல்யாண வீட்லேர்ந்து சாப்பாடு திரும்பி வந்துச்சுன்னா, இனிமே எவன் நம்ம கடைப் படி ஏறுவான்? என் மூஞ்சியில கரியைப் பூசிட்டீங்களே."

அவர் இன்னும் அழுத்திச் சுரண்டினார். 

டிரைவர் கையோடு கொண்டு வந்திருந்த தட்டிலிருந்து முதலாளியம்மா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மெல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் இந்தக் கடையில் இப்படி ஒரு கறி வெந்ததில்லை. அவள் கோபம் டிரைவர் பக்கம் திரும்பியது.

"இதுல என்னய்யா குறை? வேகலையா, உப்பு கூடிப்போச்சா? யார் வேண்டாம்னது?"

"பொண்ணுதாம்மா. மாப்பிள்ளை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. பொண்ணு ஒரு வாய் வெச்சதும் மெல்லாம அப்படியே உட்கார்ந்துடுச்சு. யார் சமைச்சதுன்னு கேட்டுச்சு. எங்க மாஸ்டர்னு சொன்னேன். ஆளு எப்படி இருப்பார்னு கேட்டுச்சு, அதையும் சொன்னேன்."

"சொல்லு, அப்புறம்?"

சுரண்டும் சத்தம் நின்றிருந்தது. டிரைவர் மாஸ்டரின் முதுகைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டான்.

"'ருசியில ஒரு குறையும் இல்ல. இது எங்கப்பா கைப்பக்குவம், ஒரு வாயிலேயே தெரிஞ்சுடுச்சு. என்னையும் அம்மாவையும் விட்டுட்டுப் போன ஆள் சமைச்சது என் கல்யாணத்துல வேண்டாம்'னு சொல்லிடுச்சும்மா."