தக்காளி வைத்தியர்

“என்னம்மா இது, இலையா, ஆட்டுக்குட்டி ரோமமா?”

மர்கிலான் சந்தையில் விதையும் பூச்சிமருந்தும் விற்கும் குத்ரத் இப்படிக் கேட்டதும் கடைமுன் நின்றவர்கள் சிரித்தார்கள். கைக்குட்டையைப் பிரித்து நீட்டிய தில்நவோஸ் மட்டும் சிரிக்கவில்லை.

“கொழுந்தெல்லாம் இப்படித்தாண்ணே சுருண்டு கிடக்கு. குளிர்காலத்துக்கு ஜாடி ஜாடியாத் தக்காளி ஊறப்போட இந்தச் செடிகளைத்தான் நம்பியிருந்தது.”

தேநீர்ப் பியாலாவை ஓரமாக வைத்துவிட்டு, குத்ரத் இலையைப் புரட்டினார். வைத்தியம் பார்க்கும்போது நாலு பேர் சுற்றி நின்றால் அவருக்குத் தனி உற்சாகம்.

“அடியில ஈ இல்லை, முட்டையும் இல்லை. வெள்ளை ஈ பரப்புற நோய்னா மஞ்சள் தட்டியிருக்கும். தண்ணி சரியில்லைன்னா அடி இலைதான் முதல்ல சுருளும். இதுல கொழுந்து, நூல் மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்குது.” குரலை உயர்த்தினார். “களைக்கொல்லி! புல்லுக்கு அடிச்ச பம்பைக் கழுவாம, அதுலயே தக்காளிக்கும் மருந்தடிச்சிருக்காங்க. யாரு அந்தப் புண்ணியவான்?”

“வீட்டுக்காரர்தாண்ணே. கழுவிட்டு அடிங்கன்னு சொன்னதுக்கு, ‘எனக்கே சொல்லித் தர்றியா’ன்னு எகிறினாரு. இப்பவும் வெயில்தான் காரணம்னு சாதிக்கிறாரு.”

“வெயிலா? கழுதை!”

கூட்டம் மறுபடியும் சிரித்தது. குத்ரத்துக்கு வேகம் ஏறிவிட்டது.

“அந்த ஆளு மண்டைக்குள்ள இருக்கிறது மூளையா, சாணமா? அந்தக் காயைத் தின்னுடாதீங்க. செடியைப் பிடுங்கிப் போட்டுட்டு வேற இடத்துல புது நாத்து நடச் சொல்லு. தக்காளிக்குன்னு தனியா ஒரு பம்பு வாங்கச் சொல்லு. முக்கியமா, பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு!”

“நீங்க சொன்னா அவரு கேப்பாராண்ணே?”

“கேக்காம? இந்தச் சந்தையில என் பேச்சைத் தட்டினவன் எவன்?”

தில்நவோஸின் முகம் மலர்ந்தது.

“அப்பாடா! நான் உங்க வீட்டுக்காரம்மா சபோஹத் அக்காகூடப் பள்ளிக்கூடச் சமையல்கட்டுல வேலை பார்க்கிறேண்ணே. காலையில உங்க தோட்டத்துல இதைப் பறிச்சுக் கொடுத்தனுப்பினதே அவங்கதான். அவங்க சொன்னா நீங்க கேக்க மாட்டீங்களாம்; நீங்களே சொன்னா கேப்பீங்களாம்!”