இழுக்காத வண்டி

"இந்த வண்டி வேணாம் தம்பி. வேற நல்லதாப் பாருங்க."

விற்கிற வீட்டுக்காரரே இப்படிச் சொன்னால் வாங்க வந்தவனுக்கு எப்படி இருக்கும்? உக்கிரபாண்டிக்கு எரிச்சல்தான் வந்தது. மண்டபத்திலிருந்து பஸ் மாறி, வெயிலில் வதங்கி பெரியபட்டினம் வந்திருக்கிறான்.

பழைய வண்டிகளை வாங்கி, வேலை பார்த்து, புதுசு போல ஓடவைக்கிற மெக்கானிக் அவன். அதிலும் டர்போ ஜீப் என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

"வாப்பா, நீங்க சும்மா இருங்க" என்றான் மகன் சலாஹுதீன். "நீங்க பாருங்கண்ணே. பிடிச்சா இன்னைக்கே ஓட்டிட்டுப் போயிருங்க. இது வாசல்ல நிக்கிறதப் பாக்க முடியல."

துபாயிலிருந்து லீவில் வந்து ஆசை ஆசையாக வாங்கிய வண்டியாம்.

"என்ன கோளாறு தம்பி?"

"மொத நாள் நல்லாத்தான் இழுத்துச்சு. மறுநாளே இழுவை செத்துப்போச்சு. மெக்கானிக்கிட்ட காட்டணும்னேன். வாப்பா அப்புறம் பாக்கலாம்னாக, நானும் நாளைத் தள்ளிட்டேன். உம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப இதுலதான் ராமநாதபுரம் கொண்டு போனேன். மிதி மிதின்னு மிதிக்கிறேன், மாட்டு வண்டி கணக்கா நகருது. ஆஸ்பத்திரி வாசல்லயே உம்மா மவுத்தாயிட்டாக."

வண்டியின் டயரைக் காலால் எத்தினான்.

"அன்னைக்கே காட்டியிருந்தா உம்மா இருந்திருப்பாகண்ணே. நான்தான் கொன்னுட்டேன்."

அவன் ஆர்.சி. புத்தகம் எடுக்க உள்ளே போனான். உக்கிரபாண்டி பானெட்டைத் தூக்கப் போனால், பெரியவர் வாவு முகம்மது அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்.

"நகருங்க பாய்."

"உள்ள பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல தம்பி."

கோளாறை மறைத்து விற்கிறவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். வாங்காதே என்று விரட்டுகிறவரை இப்போதுதான் பார்க்கிறான். வேறு யாருக்கோ பேசி வைத்திருக்கிறார் போல. கையை விலக்கிவிட்டுத் தூக்கினான்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. டர்போ பக்கமிருந்து டீசல் பம்புக்குப் போகிற சின்ன ரப்பர் குழாயைக் கழற்றி, வாயில் ஒரு போல்ட்டைத் திணித்து, மீன் பிடிக்கிற தங்கூஸ் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. அந்தக் குழாய் இல்லையென்றால் டர்போ இருந்தும் வண்டி இழுக்காது.

"இது தானா கழண்டதில்ல பாய். அடைச்சது. ஒர்க்‌ஷாப்காரன்னா கிளிப் போடுவான், இது கடல்காரன் முடிச்சு. நீங்க லாஞ்சுல எஞ்சின் பாத்த ஆளுன்னு டீக்கடையில சொன்னாங்க. விக்க மனசில்லன்னா மகன்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே? இப்படியா கெடுத்து வைப்பீக?"

"இப்பக் கெடுத்தது இல்ல தம்பி."

"பெறகு?"

"வாங்கிட்டு வந்த அன்னைக்கு ராத்திரியே அடைச்சுட்டேன். ஒத்தப் புள்ள. கீழக்கரை ரோட்டுல பறந்துட்டு வந்தான். எங்களுக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு."



"அப்ப, அவுக உம்மாவக் கொண்டு போனப்ப?"

"அடைச்சுத்தான் இருந்துச்சு."

"நீங்களும் வண்டியில இருந்தீகளா?"

"பின்னாடி. அவ தலை என் மடியில."

"ரெண்டு நிமிச வேலை பாய் இது! நிப்பாட்டச் சொல்லி..."

சலாஹுதீன் வந்துவிட்டான்.

"என்னண்ணே, கண்டுபிடிச்சுட்டீகளா?"

பெரியவர் முகத்தில் ரத்தமே இல்லை. உண்மையைச் சொன்னால் இந்தப் பையன் தன்னையே தின்றுகொண்டிருப்பதை நிறுத்துவான். ஆனால் அதற்குப் பிறகு அந்த மனிதரை வாப்பா என்று கூப்பிடுவானா?

உக்கிரபாண்டி பானெட்டைச் சாத்தினான்.

"வயசான வண்டி தம்பி. பம்பே முடிஞ்சுபோச்சு. நீங்க எந்த மெக்கானிக்கிட்டக் காட்டியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. உங்க மேல தப்பே இல்ல."

"நெசமாவாண்ணே?"

"நெசமாத்தான். எனக்குப் பாடி போதும். நானே எடுத்துக்கிறேன்."

வேறு என்ன செய்ய? விட்டுவிட்டுப் போனால் நாளைக்கு இன்னொரு மெக்கானிக் வருவான், திறப்பான், இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிவிடுவான்.

சலாஹுதீன் வாசற்படியில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். பிறகு முகம் கழுவ உள்ளே போனான்.

உக்கிரபாண்டி வண்டியைக் கிளப்பினான். பெரியவர் கதவருகே வந்தார். அவனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"உங்க மகனுக்காகத்தான் பொய் சொன்னேன் பாய், உங்களுக்காக இல்ல. பெத்த புள்ள அப்படித் துடிக்கிறான், பொண்டாட்டி உசுரு போகுது. நிப்பாட்டுன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

வாவு முகம்மது கதவைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன் தம்பி. அவதான் என் வாயைப் பொத்திட்டா. 'இப்ப அடைப்ப எடுத்துவிட்டா எனக்காகப் பறப்பான். நான் போனாப் போறேன், எம்புள்ள முழுசா வீடு போய்ச் சேரட்டும்'னுட்டா."