மேல்மாடி வீடு

ராஜபாளையத்துக்கு வெளியே, வீடில்லாதவர்களுக்காகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் அன்று சாவிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார் இன்ஜினீயர் கௌதம்ராஜ். குலுக்கலில் மேல்மாடி வீடு கிடைத்த நாகஜோதி மட்டும் சாவியை வாங்கவில்லை.

"கீழ்வீடு இருந்தா கொடுங்க சார். இல்லாட்டி அடுத்த குலுக்கல் வரைக்கும் தகரக் கொட்டகையிலயே இருந்துக்கிடுதேன்."

"ஏம்மா, படியேற முடியாதா?"

"அதெல்லாம் ஏறுவேன் சார். மேல வெக்கை தாங்காது. கைப்பிள்ளை வச்சிருக்கேன்."

கௌதம்ராஜ் சிரித்தார். காலையிலிருந்து எத்தனை பேருக்கு இதை விளக்கிவிட்டார்!

"இது பழைய கட்டடம் மாதிரி இல்லம்மா. மொட்டைமாடி முழுக்கக் கூலிங் ஓடு பதிச்சிருக்கு. சித்திரை வெயில்லயும் உள்ள குளுகுளுன்னு இருக்கும். நானே செக் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நீங்க மேல வரவே இல்லையே சார்."

அவர் முகம் மாறியது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"அங்க ஓடு சுமந்த சித்தாளு நான்தான். பாதியில ஓடு தீர்ந்துபோச்சு. மிச்சத்துக்கு வெள்ளையடிச்சிட்டு இறங்கச் சொல்லிட்டாவ. அந்த மிச்சம் எனக்கு விழுந்த வீட்டுக்கு மேலதான் சார் இருக்கு."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். கௌதம்ராஜ் சாவிகளை மேசையில் வைத்துவிட்டு, மொட்டைமாடிப் படிகளில் முதல் முறையாக ஏறினார்.