ஐம்பத்தெட்டு கிலோ மணல்

வளையம் இருபத்திரண்டில் நின்றது.

முப்பதுக்குப் போயிருக்க வேண்டும்.

அவன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கம்பியில் கீறியிருந்த கோடுகளை மறுபடி எண்ணினான். இருபத்திரண்டு மில்லிமீட்டர்தான். காரின் இடது இருக்கையில் அவன் மனைவி துளசிமணி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், போட்டோ எடுக்க உட்கார்ந்தவள் மாதிரி.

இறங்கச் சொன்னான்.

இருக்கையைத் தாங்குவது ரப்பர். ஆள் உட்கார்ந்தால் ரப்பர் அமுங்கும். கூடவே இருக்கையில் மாட்டிய வளையமும் கம்பியில் இறங்கும்; பாரம் குறைந்தால் ஏறும். முப்பது அமுங்கினால் எந்தக் குழியும் இடுப்பு வரை ஏறி வராது. குறைந்தால் வெறும் பலகைதான்.

ஸ்பிரிங்கை அவன் என்றைக்கோ தலைமுழுகிவிட்டான். முதலில் சைக்கிளுக்கு ரப்பர் வைத்தான். பின்னால் முட்டைத் தட்டைக் கட்டிக்கொண்டு உழுத காட்டில் ஓட்டிக் காட்டினான். ஒரு முட்டைகூட உடையவில்லை. பார்க்க வந்த கம்பெனிக்காரர்கள் ஆகா ஓகோ என்று புகழ்ந்துவிட்டு, முட்டையை விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். சைக்கிளைக் கேட்கவில்லை. அடுத்து இந்தச் சின்னக் காரின் நாலு சக்கரத்துக்கும் வைத்தான். இந்த உலகத்தில் ரப்பரைத் தவிர வேறு யாரையும் அவன் நம்பியதில்லை.

இந்த இருக்கை மட்டும் யாருக்கும் காட்டுவதற்காக அல்ல.

போன தடவை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நரம்பில் மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, அன்னூர் வரை முப்பது கிலோமீட்டரும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். அகலப்படுத்துகிறோம் என்று ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு குழிக்கும் எலும்பில் ஆணி இறங்குகிறது என்றாள். வீட்டு வாசலில் இறங்கியதும், இனி அந்த ரோட்டில் வரமாட்டேன், மருந்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னால் சொன்னதுதான்.

பத்து நாள் கெஞ்சி, இருக்கை சரியாக அமைந்தால் மட்டும் வருவதாகச் சம்மதம் வாங்கியிருந்தான்.

அடுத்த மருந்து நாளைக்கு.

அவள் எடைக்குக் கட்டி வைத்திருந்த மணல் சாக்கைத் தூக்கி இருக்கையில் வைத்தான். ஐம்பத்தெட்டு கிலோ. அவளையும் ஏற்றிப் பார்த்த பழைய சைக்கிள் சோதனை நோட்டில் எண்ணெய்க் கறையோடு அவன் கையெழுத்திலேயே இருந்த கணக்கு. ரப்பரை வெட்டியதும் அந்த எடைக்குத்தான்.

வளையம் முப்பதில் போய் நின்றது. மயிரிழை பிசகவில்லை.

சாக்கை இறக்கிவிட்டு அவளை ஏறச் சொன்னான்.

இருபத்திரண்டு.

அட, என்ன கண்றாவி இது! கம்பியைக் கழற்றித் துடைத்தான், கிரீஸ் வைத்தான், ரப்பரை ஒரு பாட்டம் திட்டினான். மறுபடி சாக்கு. முப்பது. மறுபடி அவள். இருபத்திரண்டு.

அவளுக்கு மூச்சு வாங்கியது. போய்க் கொஞ்சம் படு என்று அனுப்பிவைத்தான்.

எத்தனை கிலோவுக்கு இந்த ரப்பர் இருபத்திரண்டு காட்டுகிறது என்று பார்த்துவிட்டால், குற்றம் எங்கே என்று தெரிந்துவிடும். சாக்கை மறுபடி இருக்கையில் வைத்து, அதன் வாயை அவிழ்த்து, பழைய தகர டப்பாவால் ஒரு டப்பா மணலை அள்ளித் தரையில் கொட்டினான். டப்பாவுக்கு ரெண்டு கிலோ பிடிக்கும்.

இருபத்தொன்பது.

இன்னொரு டப்பா. இருபத்தெட்டு.

மூன்றாவதில் கை மெதுவாகிவிட்டது.

ரப்பரில் குற்றமே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவளை வாசலில் இறக்கிவிட்டு, அவன் வண்டிகள் நிறுத்துமிடத்துக்குப் போய்க் காருக்கு அடியில் படுத்துவிடுவான். வந்த ரோட்டில் எந்த நட்டு தளர்ந்தது என்று பார்ப்பான். எடை பார்த்தார்களா என்று திரும்பும்போது கேட்பான். அதேதானுங்க என்பாள். ஃபைலைப் பிரித்து அடுத்த தேதியை மட்டும் பார்ப்பான்.

போன மாதம் மத்தியானங்களில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பழைய ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் கிறீச்சிடுகிறதே என்று அவன் போய் எண்ணெய் விட்டுவிட்டு வந்தான்.

எண்ணெய் விட்டுவிட்டு வந்தான்!

நான்கு. ஐந்து. வளையம் இருபத்தைந்தில் நின்றது.

ஆறாவது டப்பாவை அள்ளவில்லை. ஒரு டப்பாவுக்கு ஒரு மில்லிமீட்டர். மிச்சத்தைக் கணக்குப் போட நோட்டு வேண்டாம், பென்சில் வேண்டாம். அவன் போடவில்லை. தரையில் கிடந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தான். குவியல் ஒரு சின்னக் குழந்தை அளவுக்கு இருந்தது.

இவ்வளவும் இந்த வீட்டில், அவன் கண்ணெதிரே போயிருக்கிறது.

துளசிமணி டீயோடு வந்தாள்.

குவியலைப் பார்த்தாள். சாக்கைப் பார்த்தாள். குனிந்து வளையத்தைப் பார்த்தாள். சைக்கிள் சோதனைக்கெல்லாம் அந்த டப்பாவால் மணல் அள்ளிப் போட்டவளே அவள்தான்.

ரப்பர் கொஞ்சம் கெட்டியாகிவிட்டது, வேறு வெட்டிக்கொள்ளலாம் என்றான் அவன்.

அவள் டீயை ஸ்டூலில் வைத்தாள்.

"இன்னும் மூணு டப்பா எடுக்கோணுங்க."

அவன் டப்பாவைத் தொடவில்லை.

அவள் பக்கத்தில் வந்து, சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள்.