முருங்கைக்கு மருந்து

சலோமி மண்சட்டியில் விஷம் காய்ச்சிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த மரியசூசை தன் மனைவியைத் தடுக்கவில்லை. விறகு புகைந்தபோது குனிந்து ஊதிவிட்டார்.

புகையிலைக் காம்பு கறுத்துக் கொதித்தது. துணி சோப்பில் ஒரு துண்டைச் சீவிப் போட்டுக் கரைத்தாள். ஆறவிட்டு வடிகட்டி, கொசுமருந்து அடிக்கும் கைப்பம்பில் ஊற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மரியசூசை பின்னாலேயே போனார்.

வேலிக்கு அந்தப் பக்கம் அஞ்சுகம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“யக்கா, காரைக்கால்ல இருக்கிற சுருட்டெல்லாம் உங்க வீட்டுலதான் புகையுதா? எங்க வீட்டுக்காரரு வாசம் பிடிக்கவே வேலியோரமா வந்து நிக்கிறாரு.”

சலோமி சிரிக்கவில்லை. “வரச் சொல்லு, அவருக்கும் ரெண்டு அடி அடிக்கிறேன்” என்றாள்.

மூன்று மாதத்தில் அவள் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசியதில்லை. மரியசூசை அதை மனதில் குறித்துக்கொண்டார்.

நவம்பர் புயலில் சாய்ந்த தென்னை மகன் பிலோமின்ராஜ் மேல் விழுந்தது. அடக்கம் முடிந்து வந்த சலோமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மரியசூசை நாற்காலியில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோறு அஞ்சுகம் வீட்டிலிருந்து வந்தது. படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை அவருடையது. சாவி ஆணியிலேயே தொங்கியது. திறந்தால், முதலில் மகன் படத்துக்குத்தான் சட்டம் போட வேண்டியிருக்கும்.

தை மாதம், புயலில் முறிந்து நின்ற முருங்கை துளிர்த்தது. துளிரோடு கம்பளிப்பூச்சியும் வந்து, அடிமரம் முழுக்கப் பாய் விரித்த மாதிரி ஒட்டிக்கொண்டது. “இதையும் விட்டுவைக்காது போலிருக்கு” என்று சொல்லிக்கொண்டு சலோமி எழுந்தாள். அவள் பிறந்த வீட்டார் கோட்டுச்சேரிப் பக்கம் கத்தரிக்கொல்லை போட்டவர்கள். மருந்து காய்ச்சத் தெரியும்.

மூன்றே நாளில் பூச்சி தீர்ந்தது. நாலாம் நாள் அவள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அன்றைக்குத்தான் மரியசூசை சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கம்பளிப்பூச்சி தேடிப் போனார். தெருத்தெருவாக அலைந்தும் ஒரு முருங்கை இல்லை; எல்லாவற்றையும் புயல் சாய்த்திருந்தது. அரசலாற்றங்கரையில் எருக்கஞ்செடிகள் மட்டும் நின்றன. அவற்றில் மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட புழுக்கள். பிஸ்கட் டின்னில் பொறுக்கி வந்து, அவள் பார்க்காத நேரத்தில் முருங்கைக் கிளையில் விட்டார்.

“சலோமி, பூச்சி மறுபடி வந்துட்டு பாரு.”

அவள் எழுந்து வந்தாள். கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தாள். பிறகு போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் இதே வேலை. காலையில் அவர் டின்னோடு போவார். வழியில் சுப்ராயன் டீக்கடையில் யாராவது கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அவளுக்காகத்தானே என்று பொறுத்துக்கொண்டு, டீயைக் குடித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார். மத்தியானம் அவள் காய்ச்சி அடிப்பாள். மாலைக்குள் புழுக்கள் செத்து விழும்.

அஞ்சுகம் வேலியில் எக்கி முருங்கையைப் பார்த்தாள். “ஏன் யக்கா, முருங்கையில இந்த மாதிரி வரிப்பூச்சிய நான் கண்டதே இல்லையே. இம்புட்டு இருக்கு, ஒரு எலையிலகூட கடிச்ச தடத்தைக் காணும்?”

மரியசூசை டின்னைக் காலால் பின்னுக்குத் தள்ளினார்.

“புயலுக்கப்புறம் எல்லாந்தான் மாறிப்போச்சு” என்று சொல்லிவிட்டுச் சலோமி பம்பை அழுத்தினாள்.

மறுநாள் ஆற்றங்கரையில் எருக்கு இல்லை. கரையைச் செப்பனிட வந்தவர்கள் வேரோடு வெட்டிக் குவித்து, குவியலுக்குத் தீயும் வைத்திருந்தார்கள். மரியசூசை அந்தச் சாம்பலுக்குப் பக்கத்தில் நின்றார்.

வெறும் டின்னோடு வீட்டுக்குள் நுழைந்தபோது சலோமி பாயில் உட்கார்ந்திருந்தாள். இனிப் படுத்துவிடுவாள் என்று நினைத்தார். நாற்காலியில் போய் விழுந்தார். கோயில் மணி அடித்து ஓய்ந்தது.

“இன்னிக்கு மரத்துல பூச்சி இல்ல” என்றார் கடைசியில்.

“எருக்கஞ்செடிய வெட்டிட்டாங்களா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எருக்கம்பூச்சி முருங்கையத் தின்னாதுங்க. கொல்லைக்காரன் பொண்ணுக்கு இதுகூடவா தெரியாது? மொத நாளே தெரியும்.”

“தெரிஞ்சுமா தினம் புகையில நின்னு காய்ச்சின? நீ பாயை விட்டு எழுந்திருக்கணுமேன்னுதான் நான்…”

சலோமி எழுந்து வந்தாள். டின்னை வாங்கி முந்தானையால் துடைத்து அவர் மடியில் வைத்தாள்.

“பூச்சி செத்தாத்தானே மறுநா நீங்க இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கிறீங்க.”