ஜீவராணிக்கு ஒரு மனு

"இதுல நான் கையெழுத்துப் போட்டா, வழக்கு நடந்தப்பவே கோட்டுல ஏன் வந்து சொல்லலன்னு என்னையப் பிடிச்சுக் கேக்க மாட்டாங்களா?"

சுமித்ரா தாளைத் தொடாமலே கேட்டாள். றப்பர் மலையில் மரங்களில் பால் வெட்டி முடித்து அப்போதுதான் லயத்து வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். கையில் இன்னும் பால் பிசுக்கு இருந்தது.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் தருமலிங்கம் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். கேகாலையிலிருந்து பஸ்ஸில் வந்து, ரோட்டிலிருந்து மலை ஏறி நடந்தே வந்திருந்தார். இன்னும் மூச்சு வாங்கியது.

"ஒருத்தரும் கேட்க மாட்டினம், பிள்ளை. இது வழக்கு இல்லை. ஜனாதிபதியிட்ட மன்னிப்புக் கேட்டுப் போற மனு. பக்கத்து வீட்டில இருந்து என்னத்தைக் கண்டீங்களோ, அதைச் சொன்னால் போதும்."

கண்டதைவிடக் கேட்டதுதான் அதிகம். கூரை வரை எட்டாத இடைச்சுவருக்கு அந்தப் பக்கம் ஜீவராணி பதினொரு வருடம் புருஷனிடம் அடி வாங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மகளின் கழுத்தைப் பிடித்து நெரித்தான். ஜீவராணி பால் வெட்டும் கத்தியை எடுத்தாள். அவன் பிழைக்கவில்லை. அவளுக்கு ஆயுள் தண்டனை. ஆறு வருடமாகக் கொழும்பில் சிறையில் இருக்கிறாள்.

"அவன் அடிக்கிறப்ப நான் டீவி சத்தத்தக் கூட்டி வச்சிருவேங்க. எம் புள்ளைங்க காதுல விழக் கூடாதுன்னு." சுமித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்களா இருந்தா அப்பிடிச் சும்மா இருந்திருப்பீங்களா?"

தருமலிங்கம் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார்.

"ஆனா எனக்கு அவ மேலயும் கோவந்தாங்க. பொலிசுக்குப் போடி, பொலிசுக்குப் போடின்னு எத்தன தடவ சொன்னேன். போறேங்க்கா, போறேங்க்கான்னுதான் சொல்லுவா. கடைசில கோட்டுல என்ன சொன்னாங்க? பொலிசுல ஒரு முறைப்பாடுகூட இல்ல, அதனால புருஷன் அடிச்சான்ங்கிறது பொய்யின்னுட்டாங்க. ஒரே ஒரு தடவ போயிருந்தான்னா, இன்னைக்கு வீட்டுல இருந்திருப்பா. அவ மகளும் எங்கிட்ட வளர வேண்டியதில்ல."

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

"அவ வரட்டும். வந்தப்புறம் நானே கேக்குறேன், ஏன்டி போகலன்னு."

தருமலிங்கம் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ஆமா, நீங்க யாருங்க? லோயர் ஐயாவா? இல்ல, அவளுக்குச் சொந்தமா?"

"ரெண்டும் இல்லை." அவர் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இது என்ர சத்தியக் கடதாசி. மனுவோட இதுவும் போகுது. அவவிட்ட ஒண்டும் கேட்காதீங்கோ, பிள்ளை. அவ பொலிசுக்கு வந்தவ. மூண்டு தரம் வந்தவ. அந்தப் பொலிசில எனக்கு மட்டும்தான் தமிழ் தெரியும் எண்டு என்ர மேசைக்குத்தான் அனுப்பினவை. புருஷன் பெண்சாதி பிரச்சினைதானே, வீட்டை போய்ச் சமாளியுங்கோ எண்டு, மூண்டு தரமும் ஒரு வரி எழுதாமல் திருப்பி அனுப்பினது நான்தான்."