சுருளுக்கு எழுபத்திரண்டு

"வாட்ச் பொய் சொல்லுதா, நீங்க பொய் சொல்லுதீயளா? நேத்து நடந்ததுக்கு நூத்தி அறுபத்தெட்டுன்னு காட்டுதுல்லா! இன்னையில இருந்து நடக்கப் போகவேண்டாம்."

"ஏட்டி, கழுத்துல வெரல வச்சு எண்ணிட்டேன். தொண்ணூத்தாறுதான். கைய வீசி நடக்கதையும் இந்தக் கூறுகெட்ட வாட்ச் துடிப்புன்னு எண்ணிருது."

இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி நடத்தும் பாண்டிதுரைக்கும் மனைவி மாரிக்கனிக்கும் விடிந்ததும் சண்டை. நடக்கும்போது துடிப்பு நூற்றி இருபதைத் தாண்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடை நின்றால் கூட்டாளிகளோடு குடிக்கும் டீயும் நின்றுபோகும்.

பாண்டிதுரை வாட்ச்சைக் கழற்றி, மேசையில் கிடந்த பேண்டேஜ் சுருளில் கட்டினார். எழுபத்திரண்டு என்று காட்டியது.

"பாத்தியா, துணிக்கும் உசுரு இருக்காம்!"

மாரிக்கனிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நானும் வாரேன். அது அங்கேயே கெடக்கட்டும்."

வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தார்கள். ஆறு இருபதுக்கு மேம்பாலம் ஏறினார்கள். ஆறு முப்பத்தைந்துக்கு ஒரு நாய் துரத்த, இருவரும் ஓடினார்கள். பிறகு சிரித்துக்கொண்டே டீ குடித்தார்கள்.

திரும்பி வந்தபோது சுருள் வைத்த இடத்திலேயே இருந்தது. அதில் கட்டியிருந்த வாட்ச்சின் துடிப்புக் கோட்டில் ஆறு இருபதுக்கு ஒரு மேடு. ஆறு முப்பத்தைந்துக்கு அதைவிட உயரமாய் ஒன்று, நூற்றிப் பதினெட்டு. டீ குடித்த நேரத்தில் இறக்கம்.

"நூத்தி இருபதத் தாண்டலேல்லா? இனி தெனமும் நடங்க," என்றாள் மாரிக்கனி.

ஆனால் அந்தச் சுருள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்டருக்கு உரியது. நாளைக் காலை துண்டு துண்டாக வெட்டவேண்டும். மாரிக்கனி கத்திரியை ஒளித்து வைத்திருக்கிறாள்.

வெட்டலாமா, வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் இன்றைக்குள் பதில் போடுங்கள்.